சுடுமண் நகைக்கு வீட்டில் ஒரு பணியறை

சுடுமண் மணிகளும் நகைகளும் செய்யத் தொடங்குகிற பலர் முதலில் வாங்குவது அச்சுகளையும் வண்ணங்களையும்தான். கடையில் அடுக்கி வைத்திருக்கும் சிலிகான் அச்சுகளையும் பொன்னிறப் பூச்சுகளையும் பார்த்தால் கை தானாகவே நீளும். ஆனால் ஒரு மணி பல ஆண்டுகள் கழுத்தில் கிடக்குமா, அல்லது ஜிமிக்கியின் விளிம்பு மறுவாரமே பொரிந்து உதிருமா என்பதைத் தீர்மானிப்பவை மண்ணின் பக்குவமும், அது காயும் வேகமும், அதைச் சுட்ட சூடும்தான். ஆகவே வீட்டில் பணியறை அமைப்பவர் தம் இடத்தையும் பணத்தையும் முதலில் இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதைக் கொண்டு மற்றவற்றை வாங்க வேண்டும் என்பது என் கருத்து. கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் மணிகளும், தமிழகத் தொல்லியல் களங்கள் பலவற்றில் கிடைக்கும் பாக்கு வடிவ மணிகளும் இத்தனை நூற்றாண்டுகள் ஈர மண்ணுக்குள் கரையாமல் கிடந்ததற்குக் காரணம் எந்தப் பூச்சும் அல்ல. அவை சரியாகச் சுடப்பட்டிருந்தன.

இடத்தைப் பிரித்தல்

தனி அறை இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் குறையில்லை. நான்கடிக்கு இரண்டடி மேசை ஒன்று, காற்று நேராக அடிக்காத ஓர் அலமாரி, இரண்டு வாளி, ஒரு சன்னல் ஆகியவை ஒரு மூலையில் அமைந்துவிட்டால் போதும். சமையலறை மட்டும் வேண்டாம். இடம் எவ்வளவு என்பதைவிட, ஈர வேலைக்கும் உலர் வேலைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறதா என்பதே பெரிது. மண் பிசைவதும் உருட்டுவதும் ஒரு பக்கம் நடக்க வேண்டும். வண்ணம் பூசுவதும் கோப்பதும் வேறொரு பக்கம் நடக்க வேண்டும். ஒரே மேசைதான் உண்டு என்றால், இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யாமல், இடையில் மேசையை ஈரத்துணியால் முழுவதும் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். மண் தூசி படிந்த மணியின் மீது பூசிய வண்ணம் சில வாரங்களில் தோலாக உரிந்து வந்துவிடும்.

தூசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. களிமண்ணில் சிலிக்கா துகள்கள் கலந்திருக்கின்றன. ஈரமாக இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. உலர்ந்து காற்றில் பறக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று தங்கிவிடுகின்றன. பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். வந்த பிறகு அதைக் குணப்படுத்த வழியில்லை. எனவே பணியறையில் துடைப்பத்துக்கு இடமே இல்லை. தரை சிமெண்டாகவோ டைல்ஸாகவோ இருந்து, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்கும்படி இருக்க வேண்டும். பாயும் கம்பளமும் தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். காய்ந்த மணியை உப்புத்தாளால் தேய்ப்பதைக் கூடியவரை தவிர்த்து, பாதி ஈரமாக இருக்கும்போதே ஈர ஸ்பாஞ்சால் வழித்துச் சீராக்கிவிட வேண்டும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் என்-95 (N95) முகக்கவசம் அணிந்து, வெளியில் வைத்துத் தேய்க்கலாம். குழந்தை தவழும் வீட்டில் இந்த விதிகளில் எதையும் தளர்த்தக் கூடாது.

மண் கலந்த நீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். கைகளையும் கருவிகளையும் முதல் வாளியில் கழுவி, இரண்டாவது வாளியில் அலசிக்கொண்டு, இரவெல்லாம் தெளிய விட்டால் மேல் நீரைச் செடிக்கு ஊற்றலாம். அடியில் தங்கிய மண் மீண்டும் வேலைக்கு வரும். வெளிச்சத்துக்கு வடக்குப் பார்த்த சன்னல் கிடைத்தால் சிறப்பு, ஏனெனில் நாள் முழுவதும் அதில் ஒளி ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். இரவில் வேலை செய்பவர்கள் மஞ்சள் விளக்கைத் தவிர்த்து வெள்ளை விளக்கொன்றை மேசையின் இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டால், வலக்கையின் நிழல் மணியின் மேல் விழாது.

மண்

குளத்திலோ ஏரியிலோ எடுத்த களிமண், குயவரிடம் வாங்கிய பக்குவப்பட்ட மண், கடையில் பொட்டலமாக விற்கும் டெரகோட்டா களிமண் என மூன்று வழிகள் உள்ளன. புதியவர்கள் குயவரிடம் வாங்குவது நல்லது. அந்த மண் எந்தச் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கிருந்து வந்த மண்ணாக இருந்தாலும் நகை வேலைக்கு அதை வடிகட்டியே ஆக வேண்டும். உலர்ந்த மண்ணை உடைத்து, வாளியில் நீர் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, கூழாகக் கரைத்து, மெல்லிய பருத்தித் துணியிலோ நுண்ணிய சல்லடையிலோ வடிகட்டி, தெளிந்த மேல் நீரை இறுத்துவிட்டு, மிஞ்சிய சேற்றைத் துணியில் பரப்பிக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட வேண்டும்.

வடிகட்டுவது வழவழப்புக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக் கல் துணுக்கு சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, தன் மேலிருக்கும் சுடுமண்ணைப் பெயர்த்துத் தள்ளும். சூளையிலிருந்து நன்றாக வந்த பதக்கம் பத்து நாள் கழித்து ஒரு சிறு வெண்புள்ளியோடு பொரிந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வடிகட்டிய மண்ணை உள்ளே காற்றுக் குமிழ் இல்லாதபடி நன்றாகப் பிசைந்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஒரு வாரமாவது வைத்திருந்தால் இழுவை கூடும். நாட்கள் ஏற ஏற மண் நயமாகுமே தவிரக் கெட்டுப்போகாது. மெல்லிய வாடை வந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

மண்ணின் சுருக்கத்தை அளந்த பிறகே நகையின் அளவைப் பற்றி யோசிக்க வேண்டும். ஈர மண்ணில் ஒரு பட்டை செய்து, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறி, காயவைத்துச் சுட்ட பிறகு அந்தக் கோட்டை மீண்டும் அளந்தால், அது 9 சென்டிமீட்டராக இருக்குமானால் சுருக்கம் நூற்றுக்குப் பத்து. ஒவ்வொரு முறை புது மண் வரும்போதும் இந்தப் பட்டையைச் செய்தாக வேண்டும்.

உருட்டுவதும் துளையிடுவதும்

ஒரே அளவு மணிகளுக்கு அச்சு தேவையில்லை. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு மரச்சட்டங்களை இணையாக வைத்து, நடுவில் மண்ணைத் திரித்து, ஒரு தட்டையான பலகையைச் சட்டங்களின் மேல் வைத்து உருட்டினால், சட்டத்தின் உயரத்துக்கே சீரான திரி கிடைக்கும். அதை ஸ்கேல் வைத்து 9 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் உள்ளங்கையில் உருட்டினால் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் உருண்டை வரும். நூற்றுக்குப் பத்து சுருங்கும் மண்ணில் அது சுட்ட பிறகு 10 மில்லிமீட்டர் மணியாக நிற்கும். 18 அங்குல மாலைக்கு அத்தகைய மணிகள் நாற்பத்தைந்து போதும். ஆனாலும் ஐம்பத்தைந்து உருட்டி வைப்பதே வழக்கமாக இருக்கட்டும், ஏனெனில் சில விரியும், சில நிறம் மாறும். இரண்டாவது சூட்டில் வரும் மணி முதல் சூட்டின் நிறத்தோடு ஒத்துப்போகாது.

உருட்டிய உடனே துளையிட்டால் மணி நசுங்கும்; முழுவதும் காய்ந்த பிறகு துளையிட்டால் பிளக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத, ஆனால் நகம் பதிகிற பதமே சரியான நேரம். சைக்கிள் ஸ்போக் கம்பி இதற்கு மிக நல்ல கருவி. அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். சுருங்கிய பிறகும் துளையில் நூல் தாராளமாக நுழையும். கம்பியைக் குத்தித் தள்ளாமல், திருகிக்கொண்டே பாதிவரை நுழைத்து எடுத்து, மறுபுறத்திலிருந்து மீதியைத் திறக்க வேண்டும். துளையின் விளிம்பில் எழும் பிசிறை ஈர விரலால் அப்போதே தடவிவிடவில்லை என்றால், சுட்ட பிறகு அதுவே அரமாகி நூலை அறுக்கும். மணிகளைக் கம்பியில் கோத்தபடியே காயவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மண் சுருங்கும்போது கம்பி சுருங்காததால் மணி வெடிக்கும் என்பதால் அது வேண்டாம்.

பதக்கத்திலும் தொங்கட்டானிலும் வளையம் பதிக்க வேண்டுமானால், நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பியை ஈர மண்ணிலேயே செருகிவிடலாம். அது சூளையின் சூட்டைத் தாங்கும். இரும்பும் செம்பும் அந்தச் சூட்டில் செதில் செதிலாக உரிந்துபோகும். வெள்ளியோ 961 பாகை செல்சியஸில் உருகியேவிடும். ஜிமிக்கியின் கூடு போன்ற வளைந்த உருவங்களைச் செய்யும்போது எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்க, தடித்த இடம் பின்தங்க, இரண்டும் சேருமிடத்தில் கீறல் விழும்.

இந்தக் கட்டத்துக்கு வேறு கருவி ஏதும் பெரிதாக வேண்டியதில்லை. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா, பல்குச்சி, கோணி ஊசி, மொக்கைக் கத்தி ஆகியவற்றைக் கொண்டே பல மாதங்கள் வேலை செய்யலாம். ஆனால் ஒரு வழவழப்பான கூழாங்கல்லைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பாதி காய்ந்த மணியை அதனால் மெருகேற்றினால் சுட்ட பிறகும் மங்காத பளபளப்பு நிற்கும். தமிழகத்தின் இரும்புக்கால ஈமத்தாழிகளோடு கிடைக்கும் கருப்பு-சிவப்பு மட்கலங்களின் மினுமினுப்பும் இவ்வாறு தேய்த்து வந்ததே.

காயவைத்தல்

மேலே ஓடும் மின்விசிறி சுடுமண் நகைக்கு முதல் எதிரி. ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் அந்தப் பக்கம் வேகமாகச் சுருங்கி, பதக்கம் வளைந்துகொள்ளும். எனவே காயவைக்கும் அலமாரிக்குக் கதவோ, குறைந்தது ஒரு துணித்திரையோ இருக்க வேண்டும். தட்டுகள் கம்பிவலையாலோ துளையிட்ட பலகையாலோ ஆனவையாக இருந்தால் அடிப்பக்கமும் சேர்ந்து காயும். முதல் நாள் நாளிதழால் மூடி வைத்து, பிறகு திறந்து, மூன்று முதல் ஏழு நாட்கள் நிழலில் விட்டு, கடைசி நாள் மட்டும் வெயிலில் வைக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது இருமடங்கு நாட்கள் ஆனாலும் பொறுத்திருக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

சுடுதல்

எல்லா மண் நகைகளும் காய்ந்தவுடன் ஒன்றுபோலவே தோன்றும். சூடு எவ்வளவு ஏறியது என்பதே அவற்றைப் பிரிக்கிறது. 100 பாகை செல்சியஸில் மண்ணின் இடுக்குகளில் தங்கிய நீர் ஆவியாகிறது. அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால் ஆவிக்கு வெளியேற வழியில்லாமல் மணி வெடித்துச் சிதறும். ஏறக்குறைய 450 முதல் 600 பாகைக்குள் மண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அதன் பிறகுதான் அது மீண்டும் நீரில் கரையாத பொருளாகிறது. 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) துகள்கள் சட்டென்று விரிகின்றன, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகின்றன. சூளையை அவசரப்பட்டுத் திறப்பவர்களின் மணிகள் விரிவதற்கு இதுவும் ஒரு காரணம். நகைக்கு வேண்டிய உறுதி 900 பாகையை ஒட்டிக் கிடைக்கிறது. 1050ஐத் தாண்டினால் பல ஊர்களின் செம்மண் வகைகள் வளையவும் உப்பவும் தொடங்கும்.

இந்தச் சூட்டைச் சமையல் எரிவாயு அடுப்பில், வாணலியில் மணலிட்டுப் பெற்றுவிடலாம் என்று சிலர் கற்பிக்கிறார்கள். அந்த முறையில் மணியின் நடுப்பகுதி சுடுமண்ணாகவே மாறுவதில்லை. ஐயமிருந்தால் அவ்வாறு சுட்ட ஒரு மணியை இரவு முழுவதும் நீரில் போட்டுப் பாருங்கள். காலையில் சேறாகக் கரைந்திருந்தால் அது வெறும் காய்ந்த மண். நன்றாகச் சுட்ட மணி நீரை உறிஞ்சும், ஆனால் இளகாது. இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

மொட்டை மாடியோ கொல்லையோ உள்ளவர்கள் தகர டின்னில் சுடலாம். டின்னின் பக்கங்களில் காற்றுத் துளைகள் இட்டு, அடியில் வரட்டி பரப்பி, மணிகளை ஒரு சிறு மண்கலயத்தில் இட்டு ஓட்டுத்துண்டால் மூடி நடுவில் வைத்து, சுற்றிலும் மேலும் வரட்டியும் உமியும் நிரப்பி, மேலிருந்து தீ மூட்டினால் அது மெதுவாகக் கீழிறங்கி எரியும். இதில் 600 முதல் 800 பாகைவரை எட்டலாம். கலயத்துக்குள் காற்றுப் புக வழிவிட்டால் மணி சிவக்கும்; மரத்தூளோடு சேர்த்து இறுக மூடிவிட்டால் புகையின் கரி ஏறி மணி கருக்கும். இரண்டுமே அழகுதான். முந்தைய நாள் முழுவதும் வெயிலில் வைத்த மணிகளை மட்டுமே இதில் இட வேண்டும். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயாத நேரமாகப் பார்த்துக்கொள்வதும், அருகில் ஒரு வாளி நீரும் மணலும் வைத்திருப்பதும், சாம்பல் முழுவதும் ஆறும்வரை கலயத்தைத் தொடாமலிருப்பதும் கட்டாயம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதை எண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

அடுக்குமாடிவாசிகளுக்கு மின்சூளை ஒரு வழி. வீட்டின் 16 ஆம்பியர் பிளக் தாங்கக்கூடியது ஏறக்குறைய 3.6 கிலோவாட் என்பதால் 2.5 கிலோவாட் அளவிலான சிறு சூளையே பொருத்தம். அதற்குத் தனி மின்கம்பி, மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் தனி எம்.சி.பி., நல்ல எர்த் ஆகியவற்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் அமைத்துத் தர வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் செருகக் கூடாது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, செங்கல் அடுக்கின் மேல், சன்னல் திறந்த நிலையில் இயக்க வேண்டும். 120 பாகையில் இரண்டு மணிநேரம் நிறுத்தி, பிறகு 600 வரை மணிக்கு 100 முதல் 150 பாகையாக ஏற்றி, அதன்பின் சற்று வேகமாக 900 முதல் 950 வரை சென்று, கால் மணிநேரம் அங்கே நிறுத்தினால் போதும். எட்டு மணிநேரம் இடைவிடாமல் எரிந்தாலும் 20 யூனிட்டுக்கு மேல் ஆகாது. சூளை இடையிடையே தானாக நின்று எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். 100 பாகைக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது.

ஆனால் தொடக்கத்திலேயே மின்சூளை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஊரில் மண்பாண்டம் செய்பவர் சூளை வைக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, மணிகளை மூடிபோட்ட சிறு சட்டியில் அடுக்கிக் கொடுத்து, பெரிய பானைகளுக்கு நடுவில் வைக்கச் சொல்வதே மலிவானது, பாதுகாப்பானது. மானாமதுரை, வில்லியனூர் போன்ற மண்தொழில் ஊர்களின் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிது. மற்ற இடங்களிலும் தேடினால் ஒருவர் இருப்பார். கார்த்திகை அகலுக்கும் பொங்கல் பானைக்கும் முந்தைய வாரங்களில் அவர்கள் அடிக்கடி சூளை வைப்பதால் நம் சட்டிக்கு இடம் கிடைக்கும். ஆனால் நின்று பேச அவர்களுக்கு நேரமிருக்காது. கூலியை அவர்கள் கேட்காவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும்.

பூச்சும் கோப்பும்

வண்ணம் பூசுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய இரண்டு பூச்சாக, முதலாவது முழுவதும் காய்ந்த பிறகே இரண்டாவதாக இட்டு, மேலே நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்தால் வியர்வை உள்ளே இறங்காது. மெருகேற்றிய செம்மணியை வண்ணமின்றி அணிவதே எனக்குப் பிடிக்கும். ஆனால் திருமணப் புடவைக்குப் பொருத்தமாகக் கேட்பவர்கள் பொன்னிறத்தையே கேட்பார்கள்.

கோப்பதற்கான சில்லறைப் பொருட்களைச் சென்னையில் பாரிமுனை, சௌகார்பேட்டைக் கடைவீதிகளில் மொத்தமாக வாங்கலாம். நோஸ் பிளையர் இரண்டு, ரவுண்ட் நோஸ் பிளையர் ஒன்று, கட்டர் ஒன்று என நான்கு குறடுகளில் தரம் பார்க்க வேண்டும். மலிவான கட்டர் கம்பியை வெட்டாமல் நசுக்கும். காதில் படும் கொக்கியிலும் தண்டிலும் சிக்கனம் கூடாது. நிக்கல் எளிதில் கசியும் கொக்கி பலருக்கு அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும் என்பதால், நிக்கல் மிகக் குறைவாகவே கசியும் 316 எல் வகை எஃகையோ 92.5 வெள்ளியையோ பயன்படுத்திவிட்டு, அதற்கான விலையை வாங்குபவரிடம் சொல்லியே வாங்குவது நேர்மை. ஜம்ப் ரிங் எனப்படும் சிறு இணைப்பு வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் விலக்கி இழுத்தால் வட்டம் கெடும். ஒரு முனையை முன்னும் மற்றொன்றைப் பின்னும் திருப்பித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். மூடிய பின் இடைவெளியில் விளக்கின் ஒளி தெரிந்தால் நூல் நழுவும்.

10 மில்லிமீட்டர் சுடுமண் மணி ஏறக்குறைய ஒரு கிராம் எடை இருக்கும் என்பதால் மாலைக்குப் பருத்தி நூலைவிட நைலான் நூலோ, மெல்லிய எஃகு இழைகளாலான கியர் வயரோ ஏற்றது. நைலான் நூலென்றால் ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சிட வேண்டும். முடிச்சிட்ட மாலை அறுந்தாலும் மணிகள் தரையில் சிதறாது; கழுத்தில் கிடக்கும்போது அவை ஒன்றோடொன்று உரசி விளிம்பு தேயாது. தோட்டுக்குப் பின்னால் தண்டை ஒட்டும்போது, ஒட்டுமிடத்தில் வண்ணம் படாமல் விட்டு, அந்த வெறும் மண்ணை லேசாகச் சுரண்டி, இரண்டு குழம்புகளைக் கலக்கும் எபாக்சி பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். பிறகு தண்டைப் பிடித்துச் சற்று அழுத்தியே இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் மீண்டும் சுரண்டி ஒட்டலாம். வராதவற்றை மட்டும் பெட்டியில் பஞ்சு வைத்து, மாலையும் ஜிமிக்கியும் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி தனித்தனித் தாளில் சுற்றி அனுப்பலாம்.